பிள்ளையாருக்கு ஒரு சதுரம்

உ

1977 யூன் 14, செவ்வாய்.
இன்றைய பிழை: பரீட்சை தொடங்கும்போது "இப்போது நீங்கள் தொடங்கலாம்" என்று மட்டும் வாசிக்க வேண்டியிருக்க, "இப்போது நீங்கள் தொடங்கலாம், செல்லங்களே" என்று வாசித்துவிட்டேன். 'செல்லங்களே' பரீட்சைக் கைநூலில் இல்லை. ஒரு சொல் கூடிவிட்டது. அதனால் பிள்ளைகளின் புள்ளியும் கூடியிருக்குமோ என்று தெரியவில்லை.

இவ்வளவும் எழுதிப் பேனாவை மூடினாள் கமலினி. பிறகு திறந்து 'ஒரு சொல்' என்பதன் கீழே கோடு கீறினாள். அடிமட்டம் வைத்துத்தான் கீறினாள்.

இந்த நாட்குறிப்பை அவள் ஆசைக்கு எழுதவில்லை. வெளிநாட்டில் படித்து வந்த ஆசிரியர்கள் இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போகவேண்டும், செவ்வாயும் வியாழனும். அங்கே விரிவுரை செய்யும் மிஸிஸ் டொய்ல் முதல் நாளே சொல்லிவிட்டார்: ஆசிரியரின் குறிப்பு அன்றைய பிழையில் தொடங்கவேண்டும், மறுநாள் வேலையில் முடியவேண்டும், நடுவில் என்ன எழுதினாலும் தனக்குக் கவலையில்லை. மற்றவர்கள் பிழை ஒன்றைத் தேடிப்பிடிக்கப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். கமலினிக்கு அந்தச் சிரமமே வரவில்லை. எந்தப் பிழையை விடுவது என்பதுதான் அவளுடைய சிரமம்.

வயது இருபத்துநான்கு. மெல்பேர்னின் புறநகரான டண்டினொங்கில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுத்தாள். பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேர், அவர்கள் வீடுகளில் பேசும் மொழிகள் பதினொன்று. தாய்தகப்பன்மாரில் முக்கால்வாசிப் பேருக்குச் சுற்றிவர இருந்த தொழிற்சாலைகளில் வேலை. அந்தப் பிள்ளைகளுக்காகக் கமலினி ஒரு புத்தகம் தொடங்கியிருந்தாள். கடையில் வாங்கியதல்ல, வகுப்பே எழுதியது. பதிவேட்டு வரிசையில் பிள்ளைக்கு ஒரு பக்கம். எங்கள் வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார் என்பது விஷயம். 'எனது அப்பா காருக்குக் கதவு பொருத்துகிறார். இடதுபக்கக் கதவு மட்டும்.' 'எனது அம்மா பீச் பழத்தைத் தகரத்தில் அடைக்கிறார். வீட்டில் பீச் பழம் வாங்க விடமாட்டார்.' பெப்ரவரியில் ஒரு வரிக்கு மூன்று தரம் தடக்கி விழுந்தவர்கள், மே மாதம் அடுத்தவரின் பக்கத்தைப் பறித்து வாசித்தார்கள்.

பத்தொன்பதாம் பக்கம் முடிந்த அன்று சுற்றறிக்கை வந்தது.

வட்டார வாசிப்புக் கணிப்புக் குழு என்று ஒன்று புதிதாக முளைத்திருந்தது. எல்லா நான்காம் வகுப்புகளுக்கும் ஒரே பரீட்சை, ஒரே நாள், ஒரே மணி. முடிவு வரும்வரை தினமும் ஒரு மணிநேரம் குழுவின் பயிற்சித் தாள். தற்காலிக ஆசிரியர்களுக்கென்று தனியாக ஒரு பந்தி: வகுப்பின் சராசரி அறுபது வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் ஆகஸ்ட் தவணையோடு வகுப்பு வேறொருவர் கைக்குப் போகும். கமலினி தற்காலிகம். அந்தப் பந்தியை மூன்று தரம் வாசித்தாள். மூன்று தரமும் அறுபது அறுபதாகவே நின்றது.

புத்தகம் அலுமாரிக்குள் போனது. இருபதாம் பக்கத்துக்குரியவள் அய்செல். கார் இருக்கை தைக்கும் துருக்கித் தாயின் மகள். தினமும் காலையில் வந்து அலுமாரியை ஒருதரம் பார்ப்பாள், பிறகு கமலினியை ஒருதரம் பார்ப்பாள், ஒன்றும் சொல்லாமல் போய்த் தன் இடத்தில் இருப்பாள். பேசாமல் கேள்வி கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

பரீட்சை முடிந்து ஒரு வாரத்தில் அதிபர் மிஸ்டர் டாசன் ஆளனுப்பிக் கூப்பிட்டார். அறைக்குள் குழுவின் அலுவலர் மிஸ் காலஹன் இருந்தார். மடியில் கைநூல், கைநூலின் மேல் கைக்குட்டை, கைக்குட்டையின் மேல் மூக்குக்கண்ணாடி. மேசையில் நான்காம் வகுப்பின் விடைத்தாள்கள்.

கமலினி உட்காருமுன்னே ஒப்புக்கொண்டாள்.

"நான்தான் சொன்னனான். 'செல்லங்களே' எண்டு. வேணுமெண்டு சொல்லேல்லை, வாய் பழகிப்போச்சுது. இனிமேல் சொல்லமாட்டன்."

உண்மையில் அவள் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். அந்தப் பள்ளியில் எல்லாரும் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அவள் காதில் எல்லாமே யாழ்ப்பாணத் தமிழாக விழுந்தது, அவள் வாயிலும் அப்படியே எழும்பியது. நாமும் அப்படியே கேட்டுக்கொள்வோம்.

அதிபரும் அலுவலரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அதை நாங்கள் அறியேல்லை," என்றார் மிஸ் காலஹன். கைநூலைத் திறந்து, பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டார். "இப்ப அறிஞ்சிட்டம்."

பிறகு விடைத்தாள்களைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்தார். இருபத்தெட்டுத் தாள்களின் உச்சியிலும், நட்டநடுவில், ஒரு சுழி. சிலது குண்டு, சிலது மெலிவு, ஒன்று காலை நீட்டிப் படுத்திருந்தது. ஆனால் ஒன்றுகூடத் தவறவில்லை.

பிள்ளையார் சுழி. யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி வந்து, கிரேக்கப் பிள்ளை, துருக்கிப் பிள்ளை, குரோவாத்தியப் பிள்ளை என்று பேதம் பாராமல் எல்லார் தலையிலும் ஏறி அமர்ந்திருந்தார்.

கமலினிக்கு எல்லாம் விளங்கியது. கரும்பலகையில் தேதி எழுதுமுன் உச்சியில் ஒரு உ போடுவது அவள் கையின் பழக்கம், அவளைக் கேட்டுக்கொண்டு கை செய்வதில்லை. பெப்ரவரியில் ஒரு நாள் அய்செல் கேட்டாள், "மிஸ், அது என்ன?" பிள்ளையாரில் தொடங்கினால் யானைத்தலைக்கு வரவேண்டும், யானைத்தலைக்கு வந்தால் அது எப்படி வந்தது என்று சொல்லவேண்டும், அதற்குள் கணக்குப் பாடம் போய்விடும். அதனால் கமலினி கார்ச் சாவியை நினைத்துச் சுருக்கமாகச் சொன்னாள்: "அது கார்த் திறப்பு மாதிரி. போட்டால்தான் வேலை ஸ்டார்ட் ஆகும்."

கார் செய்பவர்களின் பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து வகுப்பில் ஒரு கொப்பியும் திறப்புப் போடாமல் ஸ்டார்ட் ஆனதில்லை.

"இது என்ன இரகசியக் குறி?" என்றார் மிஸ் காலஹன்.

"இரகசியமில்லை. எங்கட ஆக்கள் எழுதத் தொடங்கேக்க போடுறது. ஒரு... தொடக்கம்."

"ஏழாம் விதி: விடைக் கட்டங்களுக்கு வெளியே குறியிட்ட தாள் செல்லாது. செல்லாத தாளுக்குப் புள்ளி பூச்சியம். வகுப்பின் சராசரியும் பூச்சியம்."

"உள்ளுக்கு இருக்கிற விடைகளைப் பாத்தீங்களோ?"

"செல்லாத தாளை நாங்கள் திருத்துறதில்லை."

மிஸ்டர் டாசன் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர், ஆனால் விதியைக் கண்டால் கதவுக்குப் பின்னால் நின்று பேசுவார். "மறுபரீட்சைக்கு ஏதோ இடமிருக்குது போல," என்றார்.

இருந்தது. ஒன்பதாம் விதி. இரண்டாவது வினாத்தாள், ஒரே ஒரு தரம், அலுவலர் முன்னிலையில், யூலை முதலாம் தேதி வெள்ளிக்கிழமை. அதற்கிடையில் ஆசிரியர் பரீட்சையைப் பற்றியோ தாளில் குறியிடுவதைப் பற்றியோ பிள்ளைகளிடம் ஒரு சொல்லும் பேசக்கூடாது.

"பேசாமல், போடவேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

மிஸ் காலஹன் கைநூலை முன்னுக்குப் புரட்டினார், பின்னுக்குப் புரட்டினார். "அதுக்கு விதி இல்லை," என்றார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது, கமலினிக்காக அல்ல, கைநூலுக்காக. பிறகு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "நடந்ததை நாலு வரியில் எழுதிக் கையெழுத்து வையுங்கோ."

கமலினி எழுதினாள். மிஸ் காலஹன் வாங்கிப் பார்த்தார். தாளின் உச்சியை வெகுநேரம் பார்த்தார். நட்டநடுவில், அழகாக, ஒரு உ.

அன்று மாலை செல்வராணியின் பழைய ஹோல்டன் காரில் ஏறியதும் கமலினி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். செல்வராணி மலேசியாவில் ஈப்போக்காரி, ஸ்பிரிங்வேலில் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை, மாலை வகுப்பில் பக்கத்துக் கதிரை. சிக்னலில் காரை நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். பச்சை விழுந்து பின்னால் ஹோர்ன் அடித்தபிறகுதான் தலையை எடுத்தாள்.

"விளக்கம் எழுதின தாள்லயுமா போட்ட?"

"கை போட்டிட்டுது."

"நல்லவேளை, நானும் பேப்பர் மேல சின்னதா சிலுவை போடுவேன். என் பிள்ளைங்க என்னைப் பார்த்து ஒன்னும் கத்துக்கிறதில்ல, தப்பிச்சேன். உன் பிள்ளைங்க உன்கிட்ட கத்துக்கிட்டாங்க, நீ மாட்டிக்கிட்ட."

"பகிடி விடாதையும், செல்வராணி. ஓகஸ்டோட என்னை அனுப்பிப்போடுவினம்."

"தெரியுது. அதான் சிரிக்கிறேன். அழுதா வண்டி ஓட்ட முடியாது."

புதன்கிழமை கமலினி ஒரு வழி முயன்றாள். கரும்பலகையில் உ போடவில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு தேதியை எழுதினாள். தேதி பிழைத்தது. வகுப்பில் சலசலப்பு எழுந்தது. ஒருவரும் கொப்பியைத் திறக்கவில்லை. கெவின் என்பவன், அப்பாவும் தாத்தாவும் டண்டினொங்கிலேயே பிறந்தவன், எழுந்து வந்து அவள் கையிலிருந்த வெண்கட்டியை வாங்கி, எம்பி நின்று, உச்சியில் ஒரு உ போட்டான்.

"மறந்துபோனீங்கள், மிஸ். பரவாயில்லை," என்றான். பெரிய மனதோடு.

போடாதே என்று சொல்ல விதி விடாது. போடவேண்டாம் என்று காட்டவும் பிள்ளைகள் விடவில்லை. அன்றைய குறிப்பில் 'இன்றைய பிழை' என்பதற்குக் கீழே அரைப்பக்கம் ஓடியது.

வியாழன் மதிய இடைவேளையில் பாணைக் கடித்துக்கொண்டே கைநூலை நாலாம் தரம் வாசித்தாள். பதினாலு பக்கம். முதல் மூன்று தரமும் பெரிய எழுத்தை வாசித்திருந்தாள், இம்முறை சின்ன எழுத்தை வாசித்தாள். பதினோராம் பக்கத்தின் அடியில் இருந்தது: விடைத்தாளின் வலது அடிமூலையில் உள்ள சதுரம் பென்சில் சரிபார்ப்பதற்கானது. தொடங்குமுன் பிள்ளை தான் விரும்பும் எந்தக் குறியையும் அதனுள் இடலாம்.

பழைய தாளொன்றை எடுத்துப் பார்த்தாள். இருந்தது. தீப்பெட்டியில் பாதி அளவு, வெறுமையாக, யாருக்கோ காத்துக்கொண்டு.

மாலையில் காருக்குள் ஏறியதும் கேட்டாள்: "செல்வராணி, நாளைக்கு நான் கரும்பலகையில வலது அடிமூலையில ஒரு சதுரம் கீறி, அதுக்குள்ள உ போட்டால் அது களவோ?"

"பரீட்சை பத்திப் பேசுவியா?"

"இல்லை."

"குறி போடுறதைப் பத்தி?"

"வாயே திறக்கமாட்டன்."

"அப்புறம் என்ன லா? சதுரம் கணக்குப் பாடம். நாலு பக்கமும் சமம்னு சொல்லிக்குடு."

"ஆனாலும் மனசுக்கு..."

"உன் மனசுக்கு ஒரு கைநூல் அச்சடிச்சா பதினாலு பக்கம் பத்தாது."

கமலினி அன்று அதையும் குறிப்பில் எழுதினாள். பிறகு, சதுரத்தின் நாலு பக்கமும் சமம் என்பது நான்காம் வகுப்புப் பாடத்திட்டத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று பார்த்து, அந்தப் பக்க எண்ணையும் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை தொடங்கி ஐந்து பள்ளி நாட்கள். காலையில் வருவாள், வலது அடிமூலைக்குக் குனிவாள், அடிமட்டத்தால் சதுரம் கீறுவாள், உள்ளே உ போடுவாள், நிமிர்ந்து தேதி எழுதுவாள். உச்சி வெறுமை. பிள்ளைகள் முதல் நாள் முணுமுணுத்தார்கள். கெவின் இரண்டு நாள் மேலேயும் போட்டான், கீழேயும் போட்டான், எதற்கும் இருக்கட்டும் என்று.

திங்கட்கிழமை அய்செல் கை உயர்த்தினாள். "மிஸ், அதுக்கு வீடு கட்டியிருக்கிறீங்களோ?"

கமலினி யோசித்தாள். இது பரீட்சையா, இல்லை. குறியிடுவதா, இல்லை. வீடு.

"ஓம். குளிர் காலம்தானே," என்றாள்.

அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. மெல்பேர்ன் யூன் மாதக் குளிரில் வெளியே நிற்க யாருக்குத்தான் விருப்பம். செவ்வாய்க்கிழமைக்குள் எல்லாக் கொப்பிகளிலும் வீடு எழும்பிவிட்டது. சிலர் புகைபோக்கி வைத்தார்கள். புதன்கிழமை, சதுரத்துக்குப் புகைபோக்கி இல்லை என்று கணக்குப் பாடமாகவே சொல்லவேண்டி வந்தது.

யூலை முதலாம் தேதி மிஸ் காலஹன் வந்து பின்வரிசையில் கதிரை போட்டு அமர்ந்தார். தாள்கள் கொடுக்கப்பட்டன. கமலினி கைநூலைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசித்தாள். 'செல்லங்களே' தொண்டைவரை வந்தது, விழுங்கினாள்.

அய்செல் கை உயர்த்தினாள். "மிஸ், தொடங்கமுன்னம் நாங்கள்..."

பிள்ளை எதைக் கேட்டாலும் ஆசிரியர் சொல்ல விதி அனுமதித்த பதில் ஒன்றே ஒன்றுதான். கமலினி அதை வாசித்தாள்: "நீ சரியென்று நினைப்பதைச் செய்."

ஆசிரியப் பயிற்சியில் அவள் கற்ற எந்த வசனத்தையும் விட அது நல்ல வசனமாக அப்போது பட்டது. அய்செல் தாளைப் பார்த்தாள். உச்சியைப் பார்த்தாள். கண் மெல்லக் கீழே இறங்கியது. வலது அடிமூலையில் சதுரம்.

"ஆ," என்றாள் அய்செல். "வீடு."

இருபத்தேழு தலைகள் ஒரே நேரத்தில் வலது அடிமூலைக்குக் குனிந்தன. கெவினின் பென்சில் மட்டும் உச்சியில் போய் நின்றது. வாய் திறந்தால் போச்சு, கண் காட்டினாலும் போச்சு. கமலினி ஜன்னலுக்கு வெளியே ஒரு பைன் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மரம் ஒன்றும் செய்யவில்லை. பிறகு பென்சில் கீறும் ஓசை கேட்டது.

முடிந்ததும் மிஸ் காலஹன் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கெவினின் தாளில் நின்றார். அவன் கீழேதான் போட்டிருந்தான். ஆனால் ஆனந்தத்தில் பெரிதாகப் போட்டதில் சுழியின் வால் சதுரத்தின் கோட்டில் முட்டிக்கொண்டு நின்றது. மூக்குக்கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், அடிமட்டத்தை வைத்தார்.

"கோட்டில் பட்டிருக்குது."

"விதி என்ன சொல்லுது?" என்றாள் கமலினி.

"ஒன்றும் சொல்லேல்லை." மிஸ் காலஹன் அடிமட்டத்தைக் கீழே வைத்தார். "டென்னிசில கோட்டில் பட்டால் உள்ளுக்கு," என்றார். முதல் தடவையாகக் கைநூலுக்கு வெளியிலிருந்து ஒன்றைச் சொன்ன களைப்போடு தாள்களைக் கட்டினார்.

முடிவு வர நாலு வாரம் பிடித்தது. அதுவரை பயிற்சித் தாள், தினமும் ஒரு மணிநேரம். அலுமாரியை அய்செல் பார்ப்பதும் தினமும். யூலை இருபத்தெட்டு, வியாழனன்று இரண்டு கடிதம் வந்தது.

முதலாவது, காலையில்: நான்காம் வகுப்பின் சராசரி அறுபத்தேழு. ஆசிரியை நிரந்தரமாக்கப்படுகிறார். மிஸ்டர் டாசன் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து கை கொடுத்தார்.

இரண்டாவதை மாலையில் செல்வராணியே கொண்டுவந்தாள். காரை நிறுத்தி, கமலினி ஏறுமுன்பே கண்ணாடிக்கு வெளியே நீட்டினாள். "எங்க ஸ்கூலுக்கு வந்திருக்கு. படி."

எல்லாப் பள்ளிகளுக்குமான சுற்றறிக்கை. மறுபரீட்சையொன்றில், பிள்ளைகள் யாவரும் ஒரே விதமான சரிபார்ப்புக் குறியை அமைதியாகவும் விரைவாகவும் இட்டது அவதானிக்கப்பட்டது. ஏனைய வகுப்புகளில் இதில் நாலு நிமிடம் வீணாகிறது. ஆகவே அடுத்த தவணை முதல் எல்லாப் பிள்ளைகளும் படம் ஒன்றில் கண்ட குறியையே சதுரத்துக்குள் இடப் பழக்கப்படவேண்டும். ஆசிரியர்கள் அதைத் தினமும் கரும்பலகையில் இடவேண்டும்.

படம் ஒன்றில் பிள்ளையார் சுழி. அச்சுக்காரர் இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தார்.

"அடுத்த தவணையிலேருந்து நான் ஸ்பிரிங்வேல்ல பிள்ளையார் சுழி போடணும், ஆர்டர்," என்றாள் செல்வராணி. "ஞாயித்துக்கிழமை பாதருக்கு என்னடி சொல்லுவேன்?"

"சதுரம் கணக்குப் பாடம் எண்டு சொல்லும்."

"அது சரி. இவர் ஏன் திரும்பி நிக்கிறார்? கோவிச்சுக்கிட்டாரா?"

கமலினி படத்தின் மேல் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தாள். நிச்சயமாகத் திரும்பித்தான் நின்றார். குழுவுக்கு எழுதித் திருத்தச் சொல்லலாமா என்று யோசித்தாள். கடைசி வரி கண்ணில் பட்டது: படத்தை ஆசிரியர்கள் மாற்றலாகாது.

"எழுதப் போறியா?" என்றாள் செல்வராணி.

"எழுதினால் அந்தக் கடிதத்துக்கு மேலயும் கை போட்டிடும்," என்றாள் கமலினி.

இம்முறை சிக்னலில் இருவரும் சிரித்து முடிய ஒரு பச்சை வீணாகப் போனது.

மாலை வகுப்பில், மிஸிஸ் டொய்ல் வருமுன், நாட்குறிப்பைத் திறந்தாள். நேரான உ ஒன்று போட்டாள். சுற்றி ஒன்றும் கீறவில்லை.

1977 யூலை 28, வியாழன்.
இன்றைய பிழை: வேலை நிரந்தரமான செய்தி கேட்டதும் பயிற்சித் தாளை இடையில் நிறுத்திவிட்டேன். இருபத்திரண்டு நிமிடம் குறைந்தது. வருத்தப்பட முயன்றேன், வரவில்லை. அதுவும் பிழையாக இருக்கலாம்.

நாளைய வேலை: முதல் பாடவேளையில் அலுமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தல். இருபதாம் பக்கம், அய்செல்.